கடைசி அத்தியாயம் தனி விலை

விட்டோல்டின் வீடியோ கேம் அன்று மாலை முடிந்துவிட்டது. கதைதான் முடியவில்லை. காணாமல் போன அம்மாவைத் தேடிக் கிளம்பிய இங்கிரிட் நடுக்கடலில் தனிப் படகில் நின்றாள், தூரத்தில் ஒரு விளக்கு தெரிந்தது, உடனே திரை கறுத்தது. கடைசி அத்தியாயம் தனியாக விற்பனைக்கு உண்டு என்று எழுத்து வந்தது. முழு கேமின் விலையில் பாதிக்கு மேல் கேட்டார்கள்.

வேறு யாராக இருந்தாலும் திட்டிக்கொண்டே வாங்கியிருப்பார்கள். விட்டோல்டால் முடியாது. போலந்தின் துறைமுக ஊரான கிடினியாவில் ஒரு அலுவலகத்தில் சம்பளம் வாங்கினாலும், அவன் மனதறிய அவனுடைய உத்தியோகம் கேம் கம்பெனிகளைக் கண்டிப்பதுதான். ஏறக்குறைய நானூறு பேர் பார்க்கும் தன் சேனலில், கதையின் வாலை வெட்டி விற்பவன் கதைசொல்லி அல்ல, கசாப்புக்காரன் என்று அந்த வாரம்தான் முழங்கியிருந்தான். அந்தக் கம்பெனிக்கு இனி ஒரு காசு தருவதில்லை என்று சத்தியமும் செய்திருந்தான்.

சத்தியத்துக்கு வந்த சோதனை அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. அவனுடைய மாமனார் லேஷெக்.

கப்பலில் எந்திரம் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். வந்ததிலிருந்து பேச்சு இல்லை. சூப் வேண்டுமா என்றாலும், ஜன்னலைத் திறக்கவா என்றாலும் வேண்டாம் என்று தலையாட்டுவார். விட்டோல்ட் விளையாடும்போது ஒருநாள் தானாக வந்து அருகில் உட்கார்ந்தார். இங்கிலீஷ் புரியுமா என்று கேட்டான். அதற்கும் இல்லையென்று தலையாட்டினார். டி.வி.யில் வரும் வெளிநாட்டுப் படங்களில் ஆண், பெண், குழந்தை அத்தனை பேருக்கும் ஒரே ஆள் தூக்கம் வரும் குரலில் வசனம் வாசிப்பாரே, அந்தக் குரலில் போலிஷில் சொல்ல ஆரம்பித்தான். சில நாள் கழித்து கிழவர் வாய் திறந்து, "அந்தப் பொண்ணு அம்மாவைக் கண்டுபிடிச்சிருவாளா?" என்றார். அடுக்களையில் இருந்த அவன் மனைவி யூஸ்டினா அப்பாவின் குரலைக் கேட்டு அழுதுவிட்டாள்.

இப்போது விட்டோல்ட் சொன்னான், "அவ்வளவுதான் மாமா. கதை முடிஞ்சுது."

"பொண்ணு நடுக்கடல்ல நிக்கிறா."

"இப்பல்லாம் அப்படித்தான் முடிக்கிறாங்க."

மாமனார் எழுந்து தன் அறைக்குப் போனார். மறுநாளிலிருந்து மறுபடி தலையாட்டல். சூப் தட்டிலேயே ஆறியது.

"உன் சத்தியத்தைச் சூப்புல கரைச்சுக் குடுத்தா எங்கப்பா குடிப்பாரா?" என்று கேட்டாள் யூஸ்டினா.

சத்தியமும் கெடக்கூடாது, கிழவரும் பேச வேண்டும். விட்டோல்ட் ஒரு வழி கண்டுபிடித்தான். கதையின் மீதி வந்துவிட்டது என்று சொல்லி மாமனாரை உட்காரவைத்தான். ஏற்கெனவே பார்த்த பழைய காட்சி ஒன்றை ஓட்டி, புது வசனம் பேசினான். அது ஊர்ப் பெரியவர் ஒருவரின் சவ ஊர்வலம். அவன் அதைக் கல்யாணம் என்றான்.

"கல்யாணத்துல ஏன் எல்லாரும் கறுப்பு உடுத்தியிருக்காங்க?"

"அந்த ஊர் வழக்கம் மாமா."

"அந்தப் பெட்டி?"

"சீர்வரிசை."

பழைய காட்சிகள் தீர்ந்தன. ஒரு போர் கேமைப் போட்டான். இங்கிரிட்டுக்கு எப்படித் தாடி முளைத்தது என்று மாமனார் கேட்க, மாறுவேஷம் என்று சமாளித்தான்.

செத்தவர் திரும்பி வருவது, ஞாபகம் போவது, இரட்டைப் பிறவி என்று சோம்பேறி எழுத்தாளர்களின் மூன்று பாவங்களைத் தன் சேனலில் அவன் பலமுறை கிழித்திருக்கிறான். ஒரே வாரத்தில் மூன்றையும் செய்தான். கடலில் செத்துவிட்டதாக அவன் சொல்லியிருந்த அம்மா வாசலில் வந்து நின்றாள். மகளை அடையாளம் தெரியவில்லை. பார்த்தால், வந்தவள் அம்மாவின் இரட்டைச் சகோதரி. உண்மையான அம்மா பின்னால் வண்டியில் வந்துகொண்டிருந்தாள், அவளுக்கும் ஞாபகம் இல்லை.

வண்டியின் கதவு திறக்கும் இடத்தில் அவனுக்குத் தொண்டை கட்டியது. மீதி நாளைக்கு என்றான். மறுநாள் மாமனார் முதல்முறையாக வெளியே போய், ரோஜா ஜாம் அடைத்த பொங்ச்கி என்னும் எண்ணெய்ப் பலகாரம் வாங்கிவந்து அவன் முன்னால் வைத்தார். அன்றிலிருந்து ஒரு பொங்ச்கிக்கு ஒரு புயல் என்று கதை நீண்டது. வாய் நிறைய ஜாமோடு ஒரு மாலை அவனுக்கு உறைத்தது. கதையின் வாலை வெட்டி விற்றுக்கொண்டிருப்பது இப்போது தான்தான். வாழ்க்கையில் முதல்முறையாகக் கம்பெனிக்காரர்கள்மேல் அவனுக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது.

கிழவரோ முகம் மழித்து, சாப்பாட்டு மேசையில் சண்டை பிடிக்கும் அளவுக்குத் தேறியிருந்தார்.

ஒருநாள் அவர் மெதுவாகச் சொன்னார், "அந்த அம்மாவுக்கு ஞாபகம் வந்தாப் போதும் மாப்பிள்ளை. ஒரே ஒரு தடவை பொண்ணு பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும்."

அதற்குமேல் விட்டோல்டால் பொய் சொல்ல முடியவில்லை. மனைவியைப் பறிகொடுத்த மனிதரை ஏமாற்றிப் பலகாரம் தின்கிறோமே என்று வெட்கப்பட்டான். கடைசி அத்தியாயத்தைக் காசு கொடுத்து வாங்கினான். சேனலில் ஒப்புக்கொண்டபோது கோழை என்று எழுதிவிட்டு நூறு பேர் விலகிப்போனார்கள்.

அன்று மாலை மாமனாரின் கப்பல் தோழர் போக்தான் தேநீருக்கு வந்திருந்தார். அவரையும் உட்காரவைத்து, ஒரு சொல் மாற்றாமல் வாசித்தான். தூரத்து விளக்கு வெறும் விளக்குதான். அம்மா என்றோ இறந்திருந்தாள். இங்கிரிட் படகைத் திருப்பிக்கொண்டு ஊருக்குப் போனாள்.

"மன்னிச்சிருங்க மாமா," என்றான் விட்டோல்ட். "இதுதான் நிஜமான முடிவு. இத்தனை நாள் நான் சொன்னது எல்லாமே பொய்."

லேஷெக் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். போக்தான்தான் நண்பரையும் மாப்பிள்ளையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்தார்.

"இதுக்கு எதுக்குத் தம்பி காசைக் கொட்டுனீங்க? ஆயுசு முழுக்கக் கப்பல்ல இங்கிலீஷ்லயே சண்டை போட்டவன் இவன். இந்த முடிவைப் போன வாரமே என் மக வீட்டுல உட்கார்ந்து பார்த்துட்டு, 'இதுல அந்த அம்மா செத்துப்போயிட்டா, எங்க மாப்பிள்ளை சொல்றதுல திரும்பி வர்றா, நான் அதையே கேட்டுக்கிறேன்'னு எழுந்து வந்துட்டானே."