கழிவு போக முப்பது கிலோ

விமானத்தில் ஏறிப் பழகியவர்கள் அதைப் பற்றி யாருக்கும் யோசனை சொல்வதில்லை. ஏறாதவர்கள்தான் சொல்வார்கள். இதை நான் இவ்வளவு அடித்துச் சொல்லக் காரணம், வருடக்கணக்காக அப்படி யோசனை சொல்லிக்கொண்டிருந்த ஆள் நானேதான்.

வட்டக்கானலில் நாலு அறைகள் கொண்ட தங்கும் விடுதி ஒன்றை நடத்துகிறேன். (சரிவில் விழாமல் நிற்கிறது. மேகம் விலகினால் பள்ளத்தாக்கு தெரியும். விலகாவிட்டால் நான் பொறுப்பில்லை.) தங்கியவர்கள் கிளம்பும் அன்று காப்பியோடு உபதேசமும் இலவசம். “பதறவே கூடாது சார். வெள்ளனே கிளம்பிருங்க. பெல்ட் போடாதீங்க. பெட்டியை வீட்லயே எடை போட்டுருங்க. ஏர்போர்ட்டுன்னா என்ன சார், நம்ம பஸ் ஸ்டாண்டு மாதிரிதான்.” அவர்களும் பயபக்தியோடு தலையாட்டுவார்கள். மதுரை விமான நிலைய வாசலில் வேனை நிறுத்தி ஆட்களை இறக்கிவிட்டதைத் தவிர, அந்தக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. உள்ளே மாட்டுத் தொழுவமே இருந்திருந்தாலும் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

பிறகு என் முறை வந்தது.

மகள் தேவி கல்யாணமாகி துபாய்க்குப் போனவள். அவளை நேரில் பார்த்து இரண்டு வருடமாகியிருந்தது. பிரசவத்துக்குத் துணையாக என் மனைவி மல்லிகாவும் முன்னமே போய்விட்டாள். பேத்தி பிறந்தாள். போன் திரையில் என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள். (அவளைக் குறை சொல்ல முடியாது. நான் போனைப் பிடிக்கிற லட்சணத்தில் அந்தப் பக்கம் என் மூக்கின் துவாரங்கள் மட்டும்தான் தெரியுமாம்.) வீட்டில் நான் ஒருவன். சாயங்காலம் மேகம் இறங்கி ஜன்னலை மூடும்போது, பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளர் காப்பி கலந்துவிடுவேன். இரண்டாவதையும் நானே குடித்துவிட்டு, தூக்கம் வரவில்லை என்று காப்பித்தூள் மேல் பழி போடுவேன்.

டிக்கெட் போட்டாயிற்று என்று சொன்ன அன்று தேவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அப்பா, என் பழைய பச்சைக் கம்பளி கெடக்குல்ல, அதை எடுத்துட்டு வாங்கப்பா. ஏசிக் குளிரெல்லாம் ஒரு குளிரா? பாப்பாவ நம்ம வீட்டுக் கம்பளியில சுத்தணும்போல இருக்கு.”

பின்னாலிருந்து மல்லிகாவின் குரல் வந்தது. “தொவைச்சுக் கிவைச்சு வச்சிராதீங்க. அந்த வாசத்துக்குத்தான் கேக்குறா.”

விறகுப் புகை, யூகலிப்டஸ் இலை, மழைக்காலத்தில் காயவே காயாத துணி மூன்றும் கலந்த வாசம் அது. போனை வைத்துவிட்டுக் கம்பளியை எடுத்து ஒரு தடவை முகர்ந்து பார்த்தேன். பிறகு இன்னொரு தடவை. அப்புறம், முகர்ந்து முகர்ந்து நானே தீர்த்துவிடப்போகிறேன் என்று பயந்து பெட்டியில் வைத்தேன்.

கேட்டது ஒரு கம்பளி. ஆனால் கம்பளியை மட்டும் தூக்கிக்கொண்டு எந்தத் தகப்பன் போவான்? மலைப்பூண்டு, பேரிக்காய், கேரட், மல்லிகா கேட்காத அவளுடைய ரோஸ் ஸ்வெட்டர், தேவி பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போன நீல ஸ்வெட்டர் என்று பெட்டி வாயைப் பிளந்துகொண்டது. உட்கார்ந்து மூடினேன்.

எடை போடுவதற்கு ஆள் தயாராக இருந்தான். மல்லிகாவின் தம்பி பாண்டி, வில்பட்டிப் பக்கம் ஒரு காய்கறி மண்டியில் எடை சொல்கிறவன். தராசில் மூட்டை ஏறிய நொடியில் அவன் கூவுகிற கூவலுக்கு எதிர்மலை பதில் சொல்லும். என் பெட்டியைத் தராசில் ஏற்றினான். கேரட் மூட்டைகளுக்கு நடுவே அது பட்டணத்து மாப்பிள்ளை மாதிரி நின்றது.

“முப்பது!” என்றான் பாண்டி.

அனுமதித்த எடை சரியாக முப்பது. ஒரு கிராம் கூடுதலும் கிடையாது, குறைவும் கிடையாது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அடுத்தது பாதுகாப்புச் சோதனைக்கு ஒத்திகை. பதறாமல் இருக்கவேண்டுமென்றால் எல்லாவற்றையும் முன்கூட்டியே பழகிவிடவேண்டும் என்பது என் உபதேசங்களில் தலையாயது. குளியலறையிலிருந்து துணி ஊறவைக்கும் தொட்டியைக் கொண்டுவந்து தட்டு என்று வைத்துக்கொண்டோம். நான் வாட்ச், செருப்பு, பர்ஸ் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டு, கைகளை விரித்து நின்றேன். பாண்டிதான் பாதுகாப்பு அதிகாரி. ஆளைத் தடவிப் பார்க்கிற கருவிக்கு எங்கே போவது? கொசு அடிக்கிற மின்சார மட்டையை எடுத்துக்கொண்டான்.

“அசையக் கூடாது மாமா. ஆபீசர்னு நெனச்சுக்கங்க.”

“ஆபீசர்னா பொறுமையா செய்யணும்லே.”

தோள், கை, இடுப்பு என்று மட்டை இறங்கி, மறுபடி ஏறி வந்தபோது அவன் கட்டைவிரல் பொத்தானில் பட்டுவிட்டது. மட்டை என் காதைத் தொட்டது. பட்டென்று ஒரு சத்தம். இரண்டு நாள் அந்தக் காதில் யாரோ வடகம் பொரித்துக்கொண்டிருந்தார்கள்.

மத்தியான விமானத்துக்கு, பொழுது விடியுமுன்னே பாண்டி ஓட்டிய வேனில் மலையிறங்கினோம். வழியில் மரம் விழலாம், லாரி நிற்கலாம், மேகம் மறிக்கலாம். ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததே எனக்குப் பதற்றமாக இருந்தது.

“வெரசாப் போலே.”

“இதுக்கு மேல வெரசாப் போனா ஏர்போர்ட்டு தேவையில்ல மாமா, இங்கேருந்தே பறந்துருவோம்.”

ஒருவழியாகக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனேன். தொழுவம் இல்லை. பளபளப்பாக இருந்தது. கவுண்டரில் இருந்த பெண் பெட்டியை வைக்கச் சொன்னாள். வைத்தேன். பாராட்டை எதிர்பார்த்துப் புன்னகையோடு நின்றேன்.

“தேர்ட்டி ஃபோர் இருக்கு சார். ஃபோர் கிலோ எடுத்துருங்க.”

“இருக்காதும்மா. மண்டியில எடை போட்டது.”

அவள் என்னை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். நான் ஓரமாக ஒதுங்கி, வெளியே வேனில் இருந்த பாண்டிக்குப் போன் போட்டேன்.

“ஏலே, நீ முப்பதுன்னுதான சொன்னே?”

“ஆமா மாமா. கழிவு போக முப்பது.”

“கழிவா?”

“மூட்டைன்னா கழிக்கணும்ல மாமா. சாக்கு, மண்ணு, அழுகல் எல்லாம் போகத்தான எடை சொல்லுவோம்.”

“இது பெட்டிலே! இதுல மண்ணு எங்கலே இருக்கு?”

“பழக்கம் மாமா. தராசுல ஏறுனா வாயி தானா கழிச்சிருது.”

பெட்டியைத் தரையில் கிடத்தித் திறந்தேன். கேரட்டும் பேரிக்காயும் கண்ணாடிக் கதவு வழியாகப் பாண்டியிடம் திரும்பிப் போயின. அப்படியும் எடை முப்பதுக்கு இறங்கவில்லை. மேலே கிடந்தது கம்பளிதான். மலைக் கம்பளியின் கனம் தூக்கியவனுக்குத்தான் தெரியும். அந்தப் பெண் அதைப் பார்த்தாள். “அந்த பிளாங்கெட்டை எடுத்தா சரியாப் போயிரும் சார். அங்கேயே நல்லதா வாங்கிக்கலாமே?”

ஊர் உலகத்துக்கே உபதேசம் சொன்ன நான் கம்பளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். “அது... பொண்ணு கேட்டதும்மா” என்று மட்டும் சொன்னேன்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னாள். “உடம்புல போட்டிருக்கிறதை நாங்க எடை போட மாட்டோம் சார்.”

அவள் நன்றாக இருக்கட்டும். அடுத்த சில நிமிடங்களில் வெளியே மதுரை வெயில் கொளுத்த, ஒரு மனிதன் தன் ஸ்வெட்டர், அதன்மேல் மகளின் நீல ஸ்வெட்டர் (கை முழங்கை வரைதான் வந்தது), அதன்மேல் மனைவியின் ரோஸ் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் பச்சைக் கம்பளி என்று நின்றான். பாக்கெட் இருந்த இடத்திலெல்லாம் பூண்டு. உள்ளே ஏசி ஓடியது. நான் மட்டும் இட்லிக் கொப்பரைக்குள் இருந்தேன். பக்கத்தில் நின்ற குடும்பம் குழந்தையை அந்தப் பக்கம் மாற்றி நிறுத்திக்கொண்டது.

பாதுகாப்புச் சோதனையில் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். ஒவ்வொன்றாக உரித்தேன். வெங்காயம் உரிக்கிற மாதிரிதான், கண்ணீர் மட்டும் உரிக்கப்படுகிறவனுக்கு. தட்டு நிறைந்தது, இன்னொரு தட்டு, அப்புறம் ஒன்று. பின்னால் வரிசை நீண்டது. பூண்டை எடுத்த அதிகாரி முகர்ந்து பார்த்து, ஹிந்தியில் ஏதோ கேட்டார். “பேத்தி, பேத்தி” என்றேன். அது எப்படிப் பதிலாகும் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

கடைசியில் மேடையில் ஏறிக் கைகளை விரித்தேன். இது எனக்குத் தெரிந்த பாடம். அதிகாரி கருவியைக் கையில் எடுத்தார். அது தோளிலிருந்து மெல்லக் காதுப் பக்கம் ஏறியது.

“பாண்டி, சுவிட்சுலேருந்து கைய எடுலே!” என்று அலறிக்கொண்டு மேடையிலிருந்து குதித்தேன்.

விமான நிலையம் ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு தமிழ் தெரிந்த ஒரு பெண் அதிகாரி வந்தார். நான் கொசு மட்டைக் கதையை ஆதியோடு அந்தமாகச் சொன்னேன். அவர் அதை ஹிந்தியில் சொன்னார். முடிக்குமுன் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கருவி பிடித்தவர் என் காதை விட்டுவிட்டு மற்ற இடங்களை மட்டும் மிகுந்த மரியாதையோடு சோதித்து அனுப்பினார்.

துபாயில் வெளியே வந்தேன். எல்லாவற்றையும் மறுபடி போட்டிருந்தேன், கையில் பிடிக்க இடமில்லாமல். கூட்டத்தில் தேவி நின்றாள், பக்கத்தில் பேத்தியைத் தூக்கிக்கொண்டு மல்லிகா. தேவியின் கண்கள் என்னைத் தாண்டிப் போய்த் தேடின. மல்லிகாதான் முதலில் கண்டுபிடித்தாள். “ஏய், அது என் ஸ்வெட்டரு!”

தேவி ஓடி வந்து கம்பளியில் முகத்தைப் புதைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தாள்.

“அப்பா, இதுல புகை வாசமே இல்லப்பா. உங்க வேர்வையும் பூண்டும்தான் இருக்கு.”

வழியெல்லாம் நான் வேர்த்து வேர்த்து வீட்டு வாசனையைக் கரைத்துவிட்டிருந்தேன். மலையிலிருந்து அவள் கேட்ட ஒரே பொருள். அதையும் வீணாக்கிவிட்டேனே என்று நின்றேன்.

“தொவைச்சுரலாம் விடு” என்றாள் மல்லிகா.

“யாரும் தொடக் கூடாது” என்று தேவி கம்பளியைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அந்த ஊர் வெயிலில் அப்படியே கார் வரை நடந்தாள்.

நானும் மல்லிகாவும் ஊர் திரும்பி நாளாகிவிட்டது. இப்போது எங்கள் வீட்டில் நான் எந்தக் கணக்குச் சொன்னாலும் மல்லிகா கேட்பது ஒன்றுதான்: “கழிவு போகவா, சேத்தா?” விருந்தினர்களுக்கு உபதேசம் தொடங்கினால், சமையலறையிலிருந்து கொசு மட்டையின் சத்தம் கேட்கும்.

போன வாரம் தேவி கூப்பிட்டாள். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வருகிறாளாம், இருபது நாள் லீவு. போனை வைத்ததும் மல்லிகா விரல் மடக்க ஆரம்பித்தாள். பழனியில் சம்பந்தி வீட்டில் ஒரு வாரம், மொட்டை போட்டுக் காது குத்துகிற சோலி, மருமகனின் சொந்தக்காரர்கள், மதுரையில் துணிக்கடை, போகவர ஆகும் நாள். எங்கள் வீட்டுக்கென்று மடங்காமல் மிஞ்சிய விரல்களைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் மண்டிக்குப் போனேன். பாண்டி மூட்டைகளுக்கு நடுவே நின்றிருந்தான்.

“தேவி வர்றாடா. இருபது நாளு. அக்கா கழிச்சுக் கழிச்சுப் பாத்துட்டுப் பேச்சில்லாம இருக்கா. நீ ஒரு தடவை கழிக்காம சொல்லுலே.”

கேலி செய்வான் என்றுதான் நினைத்தேன். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, காலித் தராசின் பக்கம் திரும்பி நின்று, அடிவயிற்றிலிருந்து கூவினான்.

“இருபது!”

மண்டியே திரும்பிப் பார்த்தது. எதிர்மலையும் குறைக்காமல் அதையே சொன்னது.