மாமனாருக்குக் கொடுத்த தீபாவளி இனாம்

அடிக்கடி பிரயாணம் போகிறவனுக்கு ரயிலைப் பிடிப்பது கஷ்டமில்லை, லாட்ஜில் ரூம் பிடிப்பதும் கஷ்டமில்லை. காலையில் கண் விழித்ததும் இது எந்த ஊர் என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். நான் அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். மல்லாந்து படுத்தபடியே மேலே ஃபேனைப் பார்ப்பேன். கரகரவென்று சத்தம் போட்டால் சேலம். ஒரு இறக்கை வளைந்திருந்தால் ஈரோடு. சுற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால் நெல்லூர்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கிண்டி எஸ்டேட்டில் பம்ப் செட்டுக்கு வால்வு செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் நான் சேல்ஸ்மேன். மாதத்தில் முக்கால்வாசி நாள் வெளியூர். அதில் எனக்குப் பெருமை வேறு. யாராவது தெரியாத்தனமாக, “கரூருக்கு எப்படிப் போறது?” என்று கேட்டுவிட்டால் தொலைந்தார்கள். எந்த பஸ், எந்தப் பக்கத்து ஸீட்டில் வெயில் அடிக்காது, எந்த ஸ்டாப்பில் டீ குடிக்கவே கூடாது என்பதுவரை சொல்லித் தீர்ப்பேன். (கேட்டவர் பெரும்பாலும் கரூர் போகும் எண்ணத்தையே கைவிட்டுவிடுவார்.)

இப்படிப்பட்ட ஆசாமிக்குப் பெண் கொடுக்க வசந்தியின் அப்பாவுக்கு மனசே இல்லை. அவர் சைதாப்பேட்டை கோர்ட்டில் ஹெட் கிளார்க். காலையில் மயிலாப்பூரில் பஸ் ஏறுவார், சாயங்காலம் மயிலாப்பூரில் வந்து இறங்குவார். அதற்கு அப்பாலும் ஊர்கள் இருப்பதாக அவர் கேள்விப்பட்டிருந்தார், அவ்வளவுதான். பெண் பார்க்கப் போன அன்றைக்கே, கேசரி என் வாயில் இருக்கும்போது, “மாசத்துல எத்தனை நாள் ஆத்துல இருப்பேள்?” என்று விசாரணையை ஆரம்பித்தார். நான் விழுங்குவதற்குள் உள்ளேயிருந்து வசந்தியின் குரல் வந்தது: “எனக்குச் சம்மதம்ப்பா.” அந்த வீட்டில் அதற்கு முன்னால் எந்தப் பெண்ணும் அப்படிக் குரல் கொடுத்ததில்லையாம். கல்யாணம் நடந்தது. ஆனால் மாமனார் எனக்கு ‘வீடு தங்காத மாப்பிள்ளை’ என்று பேர் வைத்துவிட்டார்.

அடையாறில் ஒரு போர்ஷனில் குடித்தனம். குடித்தனம் என்று நான் சொல்லிக்கொள்கிறேனே தவிர, அங்கே குடியிருந்தது வசந்திதான். நான் துணி மாற்றிக்கொள்ள வந்து போய்க்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு முந்தைய டூருக்குக் கிளம்பும்போது வாசல்வரை வந்து சொன்னாள்:

“தலை தீபாவளிக்கு லீவ் சொல்லிட்டேளோன்னோ? நான்தான் அப்பாகிட்ட அடம்பிடிச்சு உங்களைப் பண்ணிண்டேன். அவர் வாயை அடைக்கறாப்பல ஒரே ஒரு தடவை நல்ல மாப்பிள்ளையா இருந்து காட்டிடுங்கோ. இல்லேன்னா நான் அந்தாத்துல தலைகாட்ட முடியாது.”

“அசத்திடறேன் பாரு,” என்றேன். சும்மா சொல்லக்கூடாது, அசத்தித்தான் விட்டேன்.

பண்டிகைக் கூட்டத்தில் ரிசர்வேஷன் இல்லாமல் ஊர் ஊராக பஸ் மாறி, பாதி வழி நின்றுகொண்டே, தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் கிண்டியில் வந்து விழுந்தேன். இரண்டு ராத்திரியாகப் பொட்டுத் தூக்கம் இல்லை. ஆட்டோக்காரர் என் பெட்டியையும் மூஞ்சியையும் பார்த்தார்.

“இன்னா சார், அல்லாரும் மெட்ராஸை வுட்டு ஊருக்குப் போய்க்கினு கீறாங்க. நீ இன்னாடான்னா உள்ள வர்றே?”

“தலை தீபாவளிப்பா. மயிலாப்பூர்.”

“அட, மாப்ளையா! குந்து சார். மீட்டருக்கு மேல நீயே பார்த்துக் குடு.”

மாமனார் வீட்டில் தடபுடலான வரவேற்பு. மாமனாரே வாசலுக்கு வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். வரிசையாகத் தின்னக் கொடுத்தார்கள். நான் பாதுஷாவைக் கையில் வைத்துக்கொண்டே சாமியாடுவதைப் பார்த்து, மாமி இரக்கப்பட்டுத் தெருப் பக்கத்து அறையில் படுக்கை போட்டுக் கொடுத்தாள். விடிவதற்கு முன் எழுந்து எண்ணெய் காய்ச்ச வேண்டும் என்று வசந்தி அம்மாவோடு உள்ளே படுத்துக்கொண்டாள்.

அந்த அறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு ஒற்றைக் கட்டில். ஒரு மேஜை. அதன்மேல் டம்ளரால் மூடிய தண்ணீர்க் கூஜா. சுவரில் ஒரு சின்னக் கண்ணாடி, ஆணியில் துண்டு. ஜன்னலுக்கு வெளியே கோயில் மணி. தமிழ்நாட்டில் நான் தங்கிய லாட்ஜெல்லாம் ஏதாவது ஒரு கோயிலுக்குப் பக்கத்தில்தான். நான் மட்டும் என்ன செய்வேன், சொல்லுங்கள்!

விடியற்காலை இருட்டு. எங்கோ சரவெடி. கதவு தட்டப்பட்டது.

“வெந்நீர் ரெடி.”

லாட்ஜில் தினமும் ரூம் பாய் இதையேதான் சொல்லி எழுப்புவான். கல்யாணத்துக்கு முன்னால் எத்தனையோ தீபாவளி எனக்கு லாட்ஜில்தான் விடிந்திருக்கிறது. வெடிச் சத்தம் கேட்டதும் அரைத் தூக்கத்தில் என் மூளை கணக்காக முடிவு செய்தது: இன்றைக்குத் தீபாவளி, நாம் தனியாக ஏதோ ஒரு ஊரில் கிடக்கிறோம், பையனுக்கு இனாம் கொடுக்க வேண்டும்.

எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். கண்ணைத் திறக்கவில்லை. எதிரில் வேஷ்டியும் தோளில் துண்டுமாக ஓர் உருவம்.

“நல்லா சூடா இருக்கா? நேத்து மாதிரி பச்சைத் தண்ணியைத் தூக்கிண்டு வந்தே, மானேஜர்கிட்ட சொல்லிடுவேன்.”

கொடியில் கிடந்த என் சட்டையை எடுத்து அதன் தோளில் போட்டேன்.

“இதை அயர்ன் பண்ணிண்டு வா. அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு ரிக்‌ஷா சொல்லு.” சட்டைப் பையிலிருந்து உருவியிருந்த இரண்டு ரூபாய் நோட்டை அதன் கையில் வைத்து, விரல்களை மடக்கி, முதுகில் ஒரு தட்டும் தட்டினேன். “வெச்சுக்கோப்பா. தீபாவளி இனாம். சமத்தா இரு.”

கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாகப் படுத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் யாரோ என்னை உலுக்கினார்கள். “ஏன்னா, அப்பா கையில ரெண்டு ரூபாயை வெச்சுண்டு கூடத்துல நிக்கறார். என்ன பண்ணினேள்?”

“இது எந்த ஊர்?” என்றேன்.

“மயிலாப்பூர்,” என்றாள் வசந்தி. எனக்குத் தூக்கம் மொத்தமாகத் தெளிந்தது. ஐயோ, அப்படித் தெளியாமலே இருந்திருக்கக் கூடாதா!

கூடத்தில் கோலம் போட்டு, எனக்காக மணை போட்டிருந்தது. எண்ணெய்க் கிண்ணத்தோடு மாமி. பக்கத்தில் மாமனார், தோளில் என் சட்டையோடு.

“இதை எங்கே அயர்ன் பண்ணணும், மாப்பிள்ளே?”

“மாமா, அது வந்து...”

“ரிக்‌ஷா சொல்லச் சொன்னேளே, எந்த பஸ் ஸ்டாண்டு?”

“மன்னிச்சுடுங்கோ மாமா. தூக்கக் கலக்கம்.”

“எனக்கென்ன, நல்ல நாளும் அதுவுமா இனாம் கிடைச்சுது,” என்றார் மாமனார். பிறகு வசந்தியைப் பார்த்தார். நான் சொன்னேனே கேட்டாயா என்ற பார்வை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“போறும், விடுங்கோ. எண்ணெய் ஆறிப் போறது,” என்று மாமி என் தலையில் எண்ணெயை வைத்து அழுத்தினாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகவே அழுத்தியதாக எனக்குத் தோன்றியது.

குளித்து, புது வேஷ்டி கட்டி, லேகியத்தை விழுங்கி, பேருக்கு ஒரு சரம் கொளுத்திவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். வசந்தி அங்கே துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சிரிக்க வைத்துவிடலாம் என்று அசட்டுத்தனமாக ஏதோ சொல்லிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

“அப்பாவை ரூம் பாய்னு நெனைச்சேள், போறது. நான் வந்து தொட்டு எழுப்பினப்புறமும் எந்த ஊர்னு கேட்டேளே. ஒண்ணு கேக்கறேன், நெஜமாச் சொல்லுங்கோ. நம்மாத்து ஃபேன் என்ன கலர்?”

(கோர்ட் கிளார்க் பெண் அல்லவா?) நான் யோசித்தேன். சேலத்து ஃபேன் வந்தது, ஈரோட்டு ஃபேன் வந்தது. அடையாறு ஃபேன் வரவே இல்லை.

“வெள்ளை?”

“பிரவுன். நாம ரெண்டு பேருமாப் போய்ப் பாண்டி பஜார்ல வாங்கிண்டு வந்தோம். ஆட்டோல நீங்கதான் மடியில வெச்சுண்டு வந்தேள்.”

கீழே ஊரே வெடித்துக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. இந்தப் பெண் அப்பாவை எதிர்த்துக்கொண்டு என்னை நம்பி வந்திருக்கிறாள், நானோ அவளையும் ஓர் ஊரைப் போலத்தான் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

லீவ் முடிந்து ஆபீஸ் போன முதல் நாளே, கிண்டியிலேயே ஸ்டாக் பிரிவில் இடம் கேட்டேன். தினமும் ஆறு மணிக்கு வீடு திரும்பினேன். தலையணை உறை மாற்றவில்லையே, வெந்நீர் ஏன் லேட் என்று நான் விசாரித்த விசாரணையில், மூன்றே மாதத்தில் வசந்தி கையெடுத்துக் கும்பிட்டாள். “மாசத்துல நாலு நாளாவது எங்கயாவது போயிட்டு வாங்கோளேன், புண்ணியமாப் போகும்.”

தலை தீபாவளிக் கதை எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். இன்றும் தீபாவளியன்று என் பெண் அறைக் கதவைத் தட்டி, “சார், இனாம்!” என்று கத்துவாள். ஆனால் கதைக்கு இன்னொரு பாதி உண்டு. அதைச் சொன்னால் மட்டும் வசந்தி எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அப்படி அவள் சொல்லி, ஆபீஸில் கேட்டு வாங்கிக்கொண்டு போன முதல் டூரில், கரூர் லாட்ஜில் காலையில் கதவு தட்டப்பட்டது.

“வசு, இன்னும் அஞ்சே நிமிஷம்டி,” என்றேன் போர்வைக்குள்ளிருந்து. “நீ முதல்ல போய்க் குளிச்சுட்டு வாயேன்.”

வெளியேயிருந்து ஒரு கட்டைக் குரல் தயங்கித் தயங்கிச் சொன்னது: “நான் அப்பவே குளிச்சிட்டேன் சார்.”

திரும்பி வந்ததும் இதை மயிலாப்பூரில் எல்லோருக்கும் நடுவில் சொன்னேன். மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வசந்தி முகம் சிவந்து சமையலறைக்கு ஓடினாள். மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அவள் போன பக்கமே கொஞ்ச நேரம் பார்த்திருந்தார்.

“சரி,” என்றார். “இனிமே மாப்பிள்ளை எந்த ஊருக்கு வேணும்னாலும் போகட்டும்.”