ஐந்தாம் குறுநாடகத்தில் ஒரு பெண்மணி சிரித்தது தொடர்பாக

நகைச்சுவை நிகழ்ச்சியைப் பார்த்து மதிப்பிடும் அலுவலர், பார்க்கும்போது சிரிக்கக் கூடாது. ஒளிபரப்பு மதிப்பீட்டு அலுவலகத்தின் விதி அது. விதியில் தப்பொன்றும் இல்லை. மிட்டாய் ஆலையைச் சோதிக்கப் போன அதிகாரி மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டே சோதித்தால் நன்றாகவா இருக்கும்? ஆய்வுக்கு வந்த பொருளை ஆய்வாளர் அனுபவிக்கலாகாது. சிரித்துவிட்டால் அவர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார் என்று அர்த்தம். சாய்ந்தவர் கையெழுத்து செல்லாது.

இந்த விதியின் புண்ணியத்தில் அங்கே முதல்நிலை மதிப்பீட்டாளர் நாற்காலி எட்டு மாதமாகக் காலியாகக் கிடந்தது. அதில் இருந்தவர் தங்கமான மனிதர், முப்பது வருஷ அனுபவம். ஒரு சனிக்கிழமை நேரலைக் குறுநாடக நிகழ்ச்சியில் ஒருவன் தள்ள வேண்டிய கதவை இழுத்துக்கொண்டே நின்றதைப் பார்த்து, 'க்ளுக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டார். இருமல் என்று சாதித்துப் பார்த்தார். மருத்துவச் சான்று கேட்டார்கள். மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, தொண்டை அருமையாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பாவம், மனிதரைப் பழைய கோப்புகள் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே சிரிக்க எதுவும் இல்லை என்பது நிர்வாகத்தின் நம்பிக்கை.

அடுத்த ஆள் நம் இரண்டாம்நிலை மதிப்பீட்டாளர். அலுவலகம் முழுக்க அவருக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர். அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார். பன்னிரண்டு வருஷமாக அந்த நாற்காலிக்குத் தவம் கிடக்கிறார். மூன்று சனிக்கிழமை மேலிடத்தின் முன்னால் முகம் மாறாமல் நிகழ்ச்சியைப் பார்த்து முடித்தால் பதவி உயர்வு என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு முடிந்துவிட்டது. மூன்றாவதுதான் பாக்கி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த மனிதரைப் போலச் சிரிப்புக்குப் பலவீனமானவர் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது. ஒருவன் செருப்பை மாற்றிப் போட்டாலே அவருக்கு வயிறு குலுங்கிவிடும். எல்லாவற்றையும் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். நேரே குளியலறைக்குப் போவார். கதவைத் தாழ் போட்டு, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, அன்றைக்குச் சேர்ந்த சிரிப்பையெல்லாம் ஒரே மூச்சில் சிரித்து முடிப்பார். பிறகு முகம் கழுவி, உம்மென்று வெளியே வருவார். இருபது வருஷமாக இதே வழக்கம். மனைவிக்குத் தெரியாது என்று அவருக்கு நூற்றுக்கு நூறு நம்பிக்கை. சுத்தமான புருஷன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்றே நினைத்தார்.

மூன்றாவது சனிக்கிழமை வந்தது. "நான் சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போறேங்க, வர லேட்டாகும்" என்று மனைவி சொன்னாள். அவருக்கு இருந்த பதற்றத்தில், "போ, போ" என்று தலையாட்டிவிட்டுக் கிளம்பினார்.

மதிப்பீட்டு அறை இரண்டாம் மாடியில். இரும்பு ஸ்டாண்டில் ஒரு டிவி, முதுகு வலிக்கிற மாதிரி மூன்று நாற்காலி. நடுவில் உம்மணாமூஞ்சி. வலது பக்கம் துணை இயக்குநர் அம்மா. இடது பக்கம் கண்காணிப்பாளர். அவர் டிவியைப் பார்க்கக் கூடாது, ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு நம் ஆளின் முகத்தை மட்டும் பார்த்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை 'மாற்றம் இல்லை' என்று குறிக்க வேண்டும். நம் ஆளின் மடியில் படிவம். அதில் மூன்று கட்டங்கள்: விளைவிக்க உத்தேசித்த சிரிப்புகள், விளைந்தவை, வித்தியாசம் இருப்பின் காரணம்.

ஆறு மணிக்கு நிகழ்ச்சி ஆரம்பம். முதல் நாடகத்தில் வாயைக் கண்டாலே பயப்படும் பல் மருத்துவர் ஒருவர், நோயாளியிடம் பல்வலியைத் தாளில் எழுதித் தரச் சொன்னார். உத்தேசம் ஒன்பது, விளைந்தவை ஏழு. 'இரண்டு சிரிப்புகள் கைதட்டலில் அமுங்கின' என்று நம் ஆள் எழுதினார். இரண்டு, மூன்று, நான்கு எல்லாம் அப்படியே கடந்தன. முகத்தில் ஒரு மயிரிழை அசையவில்லை.

ஐந்தாவது நாடகத்தில் ஒரு அதிகாரி வந்தார். கோட்டுப் போட்டுக்கொண்டு, நாள் முழுக்கச் சிரிப்புப் படம் பார்ப்பதுதான் அவர் வேலை. முகம் செங்கல். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தார். மனைவி காபி நீட்டினாள். தொடவில்லை. நேரே குளியலறைக்குப் போனார். குழாயைத் திறந்தார். துண்டை எடுத்தார்.

நம் ஆளின் பேனா படிவத்தின் நடுக் கட்டத்திலேயே நின்றுவிட்டது.

அரங்கத்தில் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள், ஓய்ந்தார்கள். எல்லோரும் ஓய்ந்த பிறகும் ஒரே ஒரு பெண் குரல் மட்டும் ஓயவில்லை. முதலில் காற்றாக வந்தது. அப்புறம் நாற்காலியைத் தரையில் இழுப்பது போல் கீறியது. கடைசியில் அடிவயிற்றிலிருந்து வெடித்து, "அய்யோ, அப்படியேதான்! அப்படியேதான்!" என்று கத்தியது.

அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிப் போனவளின் குரல் அது.

நேரலை அல்லவா, வெட்டவும் முடியாது ஒட்டவும் முடியாது. மேடையில் இருந்த நடிகர் அந்தச் சிரிப்பைக் கேட்டுத் தானும் சிரித்துவிட்டார். பிடிமானத்துக்குக் குழாயைப் பிடித்தார். அது அட்டைக் குழாய், கையோடு வந்துவிட்டது. மனைவி வேஷக்காரி காபியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான்கு நிமிடம் எல்லோரும் சிரித்துக்கொண்டே இருந்ததில் ஆறாவது நாடகத்துக்கு நேரமே இல்லாமல் போய்விட்டது.

மதிப்பீட்டு அறையில் நம் ஆள் கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டிருந்தார். துணை இயக்குநர் அம்மா கண்ணாடியைக் கழற்றி, அழுக்கே இல்லாத கண்ணாடியை ரொம்ப நேரம் துடைத்தார்.

"அந்த அம்மா என்ன சொன்னாங்க?" என்றார் கடைசியில்.

"அப்படியேதான்னு சொன்னாங்க மேடம்" என்றார் கண்காணிப்பாளர்.

"அப்ப அவங்களுக்கு அப்படி ஒரு அதிகாரியைத் தெரியும். சிரிக்கக் கூடாதுன்னு விதி இருக்கிற ஆபீஸ் இந்த நாட்டுல எத்தனை இருக்கு?"

"நம்மது ஒண்ணுதான் மேடம்."

"அப்ப?"

கண்காணிப்பாளர் ஸ்டாப்வாட்சை நிறுத்தினார். "அப்ப நம்மள்ல யாரோ வீட்ல சிரிக்கிறாங்க மேடம்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் அணைந்த டிவியைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்தவர் குளியலறைப் பக்கமே போகவில்லை. மனைவி எதிரே போய் நின்றார்.

"அக்கா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா" என்றவள் அதற்கு மேல் தாங்காமல் சிரித்துவிட்டாள். "நம்ம வீட்டு விஷயத்தை நிகழ்ச்சிக்கு எழுதிப் போட்டிருந்தேங்க. முன் வரிசையில இடம் கொடுத்துட்டாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்? அந்தக் குழாய் சமாசாரம்."

"இருபது வருஷமாத் தெரியும். கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு நானும் உங்ககூட சேர்ந்து சிரிச்சிருக்கேன். ஆனா கேட்டிருக்கேனே தவிர ஒரு நாளும் பாத்ததில்லை. கட்டின புருஷன் சிரிச்சா எப்படி இருப்பார்னு தெரியாமலே கிழவியாயிடுவேன் போல."

"இன்னும் ஒரு கையெழுத்துதான். முதல்நிலை ஆயிட்டா…"

"அப்புறம் தலைமை நிலைம்பீங்க. எப்பதான் சிரிக்கப் போறீங்க?"

"ஓய்வு வாங்கினதும்" என்றார். அவர் அதை மனதாரத்தான் சொன்னார்.

திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது. 'ஐந்தாம் குறுநாடகத்தில் ஒரு பெண்மணி சிரித்தது தொடர்பாக' என்று தலைப்பு. அலுவலர்கள் அனைவரும் தத்தம் கணவர் அல்லது மனைவியைச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்ட அரங்கில் ஆஜர்படுத்த வேண்டும். சம்பந்தப்பட்ட காட்சி திரையிடப்படும். ஒவ்வொருவரும் தம் சிரிப்பின் மாதிரியை அளிக்க வேண்டும். சிரிப்பு இயல்பாகவும் பத்து விநாடிக்குக் குறையாமலும் இருத்தல் அவசியம். கணவர்மார்களை எதற்குக் கூப்பிட வேண்டும், சிரித்தது பெண் அல்லவா என்று ஒரு தட்டச்சர் கேட்டார். பாரபட்சம் காட்டக் கூடாது என்று பதில் வந்தது.

செவ்வாய்க்கிழமை நாற்பத்திரண்டு பேர் வந்தார்கள். காட்சியைப் போட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. மறுபடி போட்டார்கள். ஒரு கொட்டாவி பதிவானது.

"ஏன் சார், உக்காந்துகிட்டு சிரிக்கணுமா, நின்னுகிட்டா?" என்று கேட்டார் கண்காணிப்பாளரின் மனைவி.

கண்காணிப்பாளர் சுற்றறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் மனைவியையே 'அம்மா' என்று கூப்பிட வேண்டிய நிலைமை அவருக்கு. "அது இதுல இல்லம்மா. எதுக்கும் எல்லாரும் நில்லுங்க. மூணு எண்ணுவேன். ஒண்ணு, ரெண்டு, மூணு… சிரிங்க!"

நாற்பத்திரண்டு பேரும் நின்றார்கள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

பின்வரிசையில் ஒருவர் கை தூக்கினார். "சார், நான் சிரிச்சு முடிச்சிட்டேன். உக்காரலாமா?"

"சத்தமே வரலையே?"

"எங்க வீட்ல அப்படித்தான் சார். அவங்க படிச்சிட்டிருப்பாங்க." அவர் துணை இயக்குநர் அம்மாவின் கணவர்.

ஒவ்வொருவராக ஒலிவாங்கி முன்னால் வரச் சொன்னார்கள். நம் ஆளின் மனைவி முறை வந்தது. தான் சிரித்தால் அவர் பன்னிரண்டு வருஷத் தவம் பாழ் என்று அவளுக்குத் தெரியும். இந்த மாதிரி நேரத்தில் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது? அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு முகம்தான். புருவத்தை இறக்கினாள். உதட்டைப் பிதுக்கினாள். கன்னத்தைத் தொங்கவிட்டாள். உலகமே தன்னிடம் விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது போல ஒரு பார்வை பார்த்தாள்.

உம்மணாமூஞ்சி நிமிர்ந்து பார்த்தார். எதிரே அவரே நின்றுகொண்டிருந்தார், புடவை கட்டிக்கொண்டு.

இத்தனை வருஷமா இந்த மூஞ்சியோடவா இவ குடும்பம் நடத்தினா என்ற நினைப்பு வந்ததுதான் தாமதம், வெடித்துவிட்டார். துண்டு இல்லை, குழாய் இல்லை. மேஜையைத் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டச் சிரித்தார். அவர் சிரிக்கும்போது இடது கன்னத்தில் ஒரு குழி விழும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அதைப் பார்த்து அவளும் சிரித்தாள், அதே குரலில். பிடிபட்டாள், ஆனால் பிடிக்க வேண்டியவர்கள் அப்போது பிடிக்கிற நிலையில் இல்லை. கண்காணிப்பாளர் ஸ்டாப்வாட்சைக் கீழே போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். துணை இயக்குநர் அம்மா கண்ணாடியைக் கழற்றியதும் அவர் கணவர் துள்ளி எழுந்து, "இவளும்தான்! இவளும் குழாயைத் திறந்துவிட்டுத்தான்!" என்று கத்தினார். "எங்க வீட்லயும்!" "எங்க வீட்லயும்!" என்று நாலா பக்கமும் குரல் எழுந்தது.

பன்னிரண்டு நிமிடம் கழித்து எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, அலுவலகத்தில் கையெழுத்துப் போடத் தகுதியுள்ளவர் ஒருவர்கூட மிச்சமில்லை. ஆனாலும் அறிக்கை போயாக வேண்டும். போனது. ஐந்தாம் குறுநாடகத்தில் கற்பனை எதுவும் இல்லாததால் அதை நகைச்சுவை என்று கொள்ள முடியாது. ஆனால் அதை ஆய்வு செய்யக் கூடிய கூட்டத்தில் நாற்பத்திரண்டு குடும்பங்கள் பன்னிரண்டு நிமிடம் சிரித்தது பதிவாகியுள்ளது. தக்க நடவடிக்கைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது.

மேலிடம் தக்க நடவடிக்கை எடுத்தது. குறுநாடக நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. அந்த நேரத்தில் இனி ஆய்வுக் கூட்டமே நேரலையாக ஒளிபரப்பாகும். வேலை போன நடிகர்கள் மதிப்பீட்டாளர்களாக நியமிக்கப்பட்டார்கள். ஒரே வாரத்தில் அவர்கள் முகம் செங்கலாகிவிட்டது. நம் ஆளுக்குப் பதவி உயர்வும் வந்தது, முதல்நிலைச் சிரிப்பாளராக. சரியாக ஆறு பதினேழுக்கு மேஜையைத் தட்டி இயல்பாகச் சிரிக்க வேண்டும் என்று ஆணையில் இருந்தது.

முதல் சனிக்கிழமை. விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. முன் வரிசையில் மனைவி. ஆறு பதினேழு ஆனது. நம் ஆள் மேஜையைத் தட்டினார். வாயைத் திறந்தார். வரவில்லை. கன்னத்தைக் கையால் இழுத்துவிட்டுப் பார்த்தார். அதற்கும் வரவில்லை. மேடையோரம் நின்றவன் 'சிரிக்கவும்' என்று எழுதிய பலகையைத் தூக்கிக் காட்டினான். அரங்கம் மொத்தமும் 'ஹஹ்ஹா' என்றது. மனைவியும் சிரித்தாள், பத்து விநாடி, கணக்காக. பாவி மனிதர் அதைக் கேட்டார். இத்தனை வருஷம் மதிப்பீட்டாளராக இருந்தவருக்குப் பொய்ச் சிரிப்பு தெரியாதா?

நிகழ்ச்சி இப்போதும் வாராவாரம் ஓஹோவென்று நடக்கிறது. பார்த்துவிட்டுச் சிரிக்காத வீடுகளின் பட்டியல் ஒன்று தயாராகிறது என்று கேள்வி. நாங்களும் தவறாமல் பார்க்கிறோம். பிரமாதமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் சிரிக்கிறோம்.