மூன்று கட்டத்திலும் புள்ளடி

என்ர கட்டையனுக்கு,

உங்கள் மனைவி றஞ்சிதா எழுதிக்கொள்வது. நான் இங்கு சுகம். நீங்கள் அங்கு சுகமா என்று கேட்பது கடிதத்துக்கு முறை. நீங்கள் செத்துப் பதினொரு மாதமான பிறகு அதைக் கேட்க எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் கோபத்தைப் பொறுக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அது முழுதும் உங்களுக்குத்தான்.

இருபது வருடம் கடலுக்குப் போய்க் காற்றுக்கும் அலைக்கும் தப்பி வந்த மனிசன், தாராபுரத்து வளைவில் ஒரு கழுதையில் மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய் மோதிச் சாவாரா? கடலில் போனார் என்றால் சனம் தலை குனிந்து கேட்கும். கழுதை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, சிரிப்பை மறைக்க. செத்தவீட்டுக்கு வந்த மாக்கிறட் அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, "கழுதைக்கு ஒண்டும் நடக்கேல்லையோ?" என்று கேட்டார். நடக்கவில்லை. நேற்றும் நம் வேலியோரம் நின்று மட்டைப்பெட்டி தின்றது.

விஷயத்துக்கு வருகிறேன். கொழும்புக் கிளினிக்கில் நம்முடைய கரு மூன்று வைத்திருந்தார்கள் அல்லவா? ஒன்றை என் வயிற்றில் வைத்துத் தங்கவில்லை. மற்ற இரண்டும் இன்னும் அங்கே ஐஸில்தான் இருக்கின்றன. அடுத்ததை வைக்க நாள் குறித்த கிழமைதான் நீங்கள் கழுதையைச் சந்தித்தீர்கள். நான் அழுது முடித்து, இல்லை, அழுகையைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, போன மாதம் தனியே பஸ் ஏறிப் போய், "என்ர ரெண்டையும் வைச்சு விடுங்கோ" என்று கேட்டேன். தமிழ் தெரிந்த வேணுஜா மிஸ் கோப்பைத் திறந்து ஒரு தாளைக் காட்டினார். கணவன் இறந்தால் கருக்களை என்ன செய்வது என்று கேள்வி. மனைவிக்குக் கொடுக்கவும் என்று ஒரு கட்டம், அழித்துவிடவும் என்று ஒரு கட்டம், ஆராய்ச்சிக்குக் கொடுக்கவும் என்று ஒரு கட்டம். மூன்றிலும் பேனையால் கீறிய புள்ளடி! கீழே உங்கள் கையெழுத்து, எமில் என்று, வால் நீட்டி.

"அக்கா, இதில எது அவற்ற விருப்பம்?"

"மூண்டும் எப்பிடி மிஸ் ஒரு மனிசன்ட விருப்பமாகும்?"

"அதைத்தான் நானும் உங்களிட்டக் கேக்கிறன்."

நான் விளங்கப்படுத்தினேன். "சண்டை முடிஞ்சு நாங்கள் இலுப்பைக்கடவையில திரும்பக் குடியேறேக்க நிவாரணக்காரர் படிவம் தருவினம் மிஸ். தகரம் வேணுமோ, வலை வேணுமோ, வாளி வேணுமோ எண்டு கிடக்கும். யோசிச்சு ஒண்டுக்குப் போட்டவைக்கு ஒண்டுமே வரேல்ல. எல்லாத்துக்கும் போட்டவைக்கு வாளியாவது வந்தது. அந்தப் பழக்கத்தில மனிசன் வாசிக்காமப் போட்டிட்டார்." மிஸ் கோப்பால் வாயை மறைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற பெரிய டொக்டர் சிரிக்கவில்லை. தனக்குத் தெரிந்த தமிழில், "அம்மா, இது வாளி இல்லை" என்றார். "அதைத்தான் சொல்லுறன் டொக்டர். வாளி எண்டா விட்டிட்டுப் போயிருப்பன்."

ஆராய்ச்சி என்றால் என்ன என்றும் கேட்டேன். கருவிலிருந்து ஸ்டெம் செல் எடுப்பார்களாம், அது எந்த உறுப்பாகவும் வளரக்கூடியதாம், என்றைக்காவது சீனி வருத்தக்காரருக்கும் இருதய வருத்தக்காரருக்கும் உதவுமாம். சீனியால் உங்கள் அம்மாவுக்குக் கால்விரல் போனதை நினைத்து ஒரு நிமிடம் மனம் இளகியது, பொய் சொல்லவில்லை. கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும், கும்பிடுகிறேன். ஆனால் கேட்டுக் கொடுப்பது வேறு, புள்ளடி தவறிப் பறிபோவது வேறு. கடைசியில், குழு ஒன்று கூடித்தான் முடிவெடுக்கும், அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஊருக்கு வந்து பாதரிடம் போனேன்.

"பாதர், ஐஸில கிடக்கிறது உயிரோ, இல்லையோ?"

"உயிர்தான் மகள்."

"அப்ப அழிக்கலாமோ?"

"கூடாது."

"ஆராய்ச்சிக்கு?"

"அதுவும் கூடாது."

"அப்ப நான் வயித்தில வாங்கலாமோ?"

பாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதலே நீங்கள் அந்த வழியால போயிருக்கக் கூடாது."

"போயிட்டம் பாதர். இப்ப நடுவழியில நிக்கிறது அந்த ரெண்டும்தான்."

"செபம் பண்ணுங்கோ மகள்."

"பண்ணுறன். அதுவரைக்கும் அதுகள் விறைச்சுக்கொண்டு நிக்கட்டோ?" பாதர் நல்ல மனிசன், கோபிக்கவில்லை. தலையில் கைவைத்து ஆசீர்வதித்து அனுப்பிவிட்டார்.

பதில் சொல்ல உங்கள் அம்மா இருக்கிறாரே! எடித் மாமி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "புருசன் செத்து ரெண்டு வருசத்தில பிள்ளை பெத்தா ஊர் விரல் விட்டு எண்ணாதோடி?" என்றார். "எண்ணட்டும் மாமி. கோயில் மணியை அடிச்சு நானே ஊரைக் கூட்டிச் சொல்லுறன், இது உங்கட பேரப்பிள்ளை, கொழும்பில ஐஸில இருந்து வருது எண்டு." மாமி கதிரையை இன்னும் கிட்ட இழுத்தார். பிறகு மெல்ல, "அவன்ட மூக்கு வருமோடி?" என்று கேட்டார். அன்றிலிருந்து மாமி என் பக்கம்.

ஆகவே கட்டையன், வியாழக்கிழமை விடிய பஸ்ஸில் போகிறேன். குழுவில் படித்தவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் சரி, என் மனிசன் வாசிக்காமல் போட்ட புள்ளடி செல்லாது, பெற்று வளர்க்கப் போகிறவள் நான், என் வாய்ச் சொல்லைக் கேளுங்கள் என்று சொல்லப்போகிறேன். இல்லை என்றால் எழும்பமாட்டேன். வழிக்குச் சோறு கட்டுகிறேன், இரண்டு நேரத்துக்கு.

உங்கள் ஆன்மாவை ஆண்டவர் நன்றாக வைத்திருப்பார். வைத்திருக்காவிட்டால் எனக்குச் சொல்லுங்கள், அவரிடமும் போய்க் கேட்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவியாகவே இருக்கும்
றஞ்சிதா

பி.கு.: மேலே எழுதியதில் பெரிய பொய் ஒன்று இருக்கிறது. மிஸ்ஸிடமும் அந்தப் பொய்யைத்தான் சொன்னேன். புள்ளடிகளை நீங்கள் போடவில்லை, நான்தான் போட்டேன். எனக்குத் தலையிடி என்று நீங்கள் பனடோல் வாங்கக் கீழே போயிருந்தீர்கள். படிவம் தமிழில்தான் இருந்தது, ஆனால் எனக்கு விளங்குகிற தமிழில் இல்லை. ஒன்றும் தவறிப்போகக் கூடாது என்று எல்லாக் கட்டத்திலும் போட்டேன். நீங்கள் மூச்சு வாங்க ஏறி வந்து, "எல்லாம் வாசிச்சனியோ?" என்று கேட்டீர்கள். "ஓம், வாசிச்சனான்" என்றேன். என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டீர்கள். வியாழக்கிழமை இதையும் சொல்லித்தான் அந்த இரண்டையும் கேட்பேன், சொல்லாமல் கேட்க எனக்கு வாய் வராது. அவர்கள் என்னிடம் திருப்பிக் கேட்கப்போவதை நான் முதலில் உங்களிடம் கேட்கிறேன். அன்றைக்கு அந்தத் தாளை நீங்களே வாசித்திருந்தால், கட்டையன், எந்தக் கட்டத்தில் புள்ளடி போட்டிருப்பீர்கள்?