குளக்கட்டுக்கு வந்த சேவையர்

"மூண்டு கால் இருக்கு. என்ர கண்ணால கண்டனான்."

மயில்வாகனத்தாருக்கு மூச்சு வாங்கியது. குசினிக்குள் புட்டு அவித்துக்கொண்டிருந்த மனைவி கமலாசனி திரும்பியும் பார்க்கவில்லை.

"எதுக்கு மூண்டு கால்? எங்கட மாட்டுக்கோ?"

"மாட்டுக்கில்லையடி, பெட்டிக்கு! குளக்கட்டில மருதமரத்துக்குக் கீழ கூடாரம் அடிச்சிருக்கினம். ஒரு ஆளும் ஒரு பொம்பிளையும். கூடாரத்துக்கு முன்னால மூண்டு கால் வைச்சு, அதுக்கு மேல ஒரு பெட்டி. அந்தாள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதுக்குள்ளால எங்கட பக்கம் பாக்குது."

இப்போது கமலாசனி திரும்பினாள். அகப்பை கையிலேயே நின்றது.

"காணி அளக்கிற சேவையரோ?"

"வேற ஆர்? வீடு வாசல் இருக்கிற மனிசர், அரசாங்கம் அனுப்பாமல் காட்டில வந்து படுப்பினமே?"

காடு வெட்ட, தேனெடுக்க, மாடு தேட மனிதர் காட்டுக்குப் போவதுண்டு. சும்மா படுத்தெழும்பப் போனதாக அந்தக் குடியேற்றத் திட்டத்தில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.

சேவையர் என்றதும் மயில்வாகனத்தார் ஓடிவந்ததற்குக் காரணம் உண்டு. ஒன்பது வருடத்துக்கு முன்பு வடமராட்சியிலிருந்து வந்து கனகராயன்குளத்துக்குப் பக்கத்தில் குடியேறியபோது, மூன்று ஏக்கர் வயலுக்கும் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணிக்கும் பெர்மிற் என்ற உத்தரவுப் பத்திரம் கொடுத்தார்கள். மேட்டுக்காணி வேலிக்கு அப்பால் குளத்துக்குச் சொந்தமான காடு. அதில் ஒரு தடி வெட்டவும் உத்தரவில்லை. ஆனால் அவருடைய வேலிக்குக் கால் முளைத்துவிட்டது. வருடம் இரண்டு முழம், மூன்று முழம் என்று அது நடந்து நடந்து, அந்த ஆனி மாதத்தில் அரை ஏக்கர் காட்டை விழுங்கிவிட்டு நின்றது. விழுங்கிய இடத்தில் மிளகாய்க் கன்றுகள் பழுத்துச் சிவந்துபோயிருந்தன.

"பிடிபட்டால் அரை ஏக்கரோட போகாது. பெர்மிற்றையே வெட்டிப்போடுவாங்கள்" என்றார்.

"அப்ப வேலியைப் பின்னுக்கு எடுங்கோ."

நல்ல யோசனை என்றுதான் அப்போது தோன்றியது. உச்சி வெயிலில் அறுபது கதியால் தடியையும் பிடுங்கி, பழைய எல்லையில் நட்டு, முள்ளுக்கம்பியை இழுத்துக் கட்டினார். கம்பி சும்மா விடவில்லை. கன்னத்தில் இரண்டு கீறல், கழுத்தில் ஒன்று, சட்டை தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் கிழிசல்.

வேலை முடிந்து பார்த்தால் வேலி சரியான இடத்தில் நின்றது. மிளகாய் வேலிக்கு வெளியே நின்றது.

"இது ஆரின்ர மிளகாய் எண்டு கேட்டால்?" என்றாள் கமலாசனி.

"தானா முளைச்சதெண்டு சொல்லுவன்."

"வரிசை வரிசையாவோ?"

இனி ஒரே வழிதான் இருந்தது. அந்த மனிதர் இந்தப் பக்கம் கால் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பொழுது சாயும் நேரம், ஒரு ஓலைப்பெட்டியில் புட்டும் சட்டியில் விரால் குழம்பும் எடுத்துக்கொண்டு மயில்வாகனத்தார் குளக்கட்டுக்குப் போனார். சட்டை மாற்றவும் தோன்றவில்லை.

அங்கே கூடாரத்தின் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க, கண்ணாடி போட்ட மனிதர் ஒருவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி ஒரு ரங்குப் பெட்டியில் குந்தியிருந்து இரண்டு காலையும் மாறி மாறிச் சொறிந்துகொண்டிருந்தாள்.

கூடாரத்தை மாற்றி அடிக்கப்போகிறார்கள். எங்கே? வேறெங்கே, வேலிக்குக் கிட்டத்தான்!

"இந்த இடந்தான் ஐயா திறமான இடம்!" என்று கத்தாத குறையாகச் சொல்லிக்கொண்டு, சட்டியை இறக்கிவிட்டு அவர்களுக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்தார்.

அந்த மனிதர் திகைத்துப்போய்க் கயிற்றைக் கீழே போட்டார். தன் பெயர் மரியநேசன் என்றும், மனைவி மார்கிறட் என்றும், கொழும்பிலிருந்து வந்ததாகவும் சொன்னார்.

"என்ன அலுவலா வந்தனீங்கள் ஐயா?"

"அலுவலெண்டில்லை அண்ணை. சும்மா."

சும்மா! கொழும்பிலிருந்து கனகராயன்குளத்துக்குச் சும்மா! இவ்வளவு பெரிய பொய்யை முகம் கோணாமல் சொல்கிறவன் பெரிய உத்தியோகத்தனாகத்தான் இருக்கவேண்டும் என்று மயில்வாகனத்தார் முடிவு கட்டினார்.

"முகத்தில என்ன அண்ணை கீறல்?" என்று மார்கிறட் கேட்டாள்.

அவருக்குத் திக்கென்றது. வேலியைப் பற்றி வாய் திறக்கலாமா?

"அது... வீட்டில ஒரு சின்னப் பிரச்சினை."

"இருளப்போகுதே. வீட்டில தேடமாட்டினமோ?"

"ஆர் தேடப்போகினம்? நானும் இஞ்சதான் படுக்கப்போறன்."

புருசனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மார்கிறட் தணிந்த குரலில் இங்கிலீசில் இரண்டு சொல் சொன்னாள். மரியநேசன் பெருமூச்சு விட்டு, சுருட்டிய கயிற்றை மறுபடி அவிழ்த்துக் கூடாரத்தை நிமிர்த்திக் கட்டினார்.

அடுத்த நாள் விடியற்காலையில் வீட்டுக்கு ஓடிவந்த மயில்வாகனத்தார் கேட்ட முதல் கேள்வி: "பவர் எண்டால் என்னடி?"

"அதிகாரம். காணி எழுதேக்க அற்றோணிப் பவர் எண்டு சொல்லுவினமெல்லே. ஏன்?"

"அந்த மனிசி என்னைக் காட்டிப் புவர் மேனோ பவர் மேனோ எண்டெல்லே சொன்னது! தன்ர மனிசனுக்கு அதிகாரம் இருக்கெண்டு என்னை வெருட்டுது. கோழி ஒண்டைப் பிடி!"

"எந்தக் கோழியை?"

"பெரிசை."

"அது முட்டையிடுறதப்பா!"

"பெர்மிற்றோ முட்டையோ?"

கோழி போனது. அதன் பின்னால் எருமைத் தயிர் போனது, கமலாசனி தன் தமையனுக்கென்று எடுத்துவைத்த தேன்போத்தலும் போனது. மயில்வாகனத்தார் குளக்கட்டிலேயே இரண்டு தடி நட்டு, சாக்கைத் தொங்கவிட்டுத் தனக்கும் ஒரு கூடாரம் கட்டிக்கொண்டார். முதல் நாளே முசுறு எறும்பு உடுத்திருந்த சாரத்துக்குள் ஏறிவிட்டது. இரண்டாம் நாள் காதுக்குப் பின்னால் உண்ணி. நுளம்புக்கடியைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். தரையில் இருந்த வேர் ஒவ்வொன்றும் அவருடைய முதுகில் எங்கே எலும்பு இருக்கிறது என்று விசாரித்து வந்து குத்தியது.

"இதை வேணுமெண்டு ஒருத்தன் செய்வானோ?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். சந்தேகம் இன்னும் உறுதியானது.

மரியநேசன் விடியமுன் எழும்பி மூன்றுகால் பெட்டியோடு குளக்கரைக்குப் போவார். திரும்பி வந்து கொப்பியில் ஏதோ இங்கிலீசில் எழுதுவார். மயில்வாகனத்தார் ஒருநாள் தேத்தண்ணி கொடுக்கும் சாட்டில் எட்டிப் பார்த்தார். எழுத்து விளங்கவில்லை. இலக்கம் விளங்கியது. பதினாலு, ஒன்பது, இருபத்திரண்டு. காணி அளக்கிற சங்கிலிக் கணக்கு!

மனிதரை வெருட்டிக் கலைக்கலாம் என்று அடுத்த யோசனை வந்தது.

"ஐயா, உந்தக் காட்டுப் பக்கம் மட்டும் போயிடாதேங்கோ. பாலைப்பழக் காலம். கரடி நிக்குது."

மரியநேசன் கொப்பியை எடுத்தார். "கரடியோ! எந்த மரத்துக்கு வருமண்ணை?"

"அலியன் யானையும் நிக்குது. போன மாசம் ஒரு வண்டிலைத் தூக்கி எறிஞ்சது."

"உண்மையாவோ? கிட்டப் போய்ப் பாக்க ஏலுமோ?"

மார்கிறட் மட்டும் வெளிறிப்போனாள். அவள் உடனே எழும்பிப்போய் உடுப்புகளை மடித்துப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினாள். மரியநேசன் பின்னாலேயே போனார். மறுபடி இங்கிலீசில் குசுகுசுப்பு. அவள் மயில்வாகனத்தாரை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மடித்த உடுப்புகளை எல்லாம் வெளியே எடுத்தாள்.

அழுகிறாளே! சேவையர் பெண்சாதி ஏன் அழவேண்டும்? தன் காணி பறிபோகப்போவதை நினைத்து இரங்குகிறாளாக்கும் என்று மயில்வாகனத்தார் எண்ணிக்கொண்டார்.

இதற்கிடையில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. அதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. விடியப்புறம் குளத்துக்கு மேலே புகைபோல் பனி கிடக்க, ரின்பால் விட்ட தேத்தண்ணியைக் கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு இருக்கும்போது, ஒன்பது வருடமாகத் தண்ணீர் வருமா வராதா என்று மட்டும் பார்த்த குளம் வேறொரு குளமாகத் தெரிந்தது. மரியநேசனோடு நீந்தினார். கல்லடுப்பில் சுட்ட மீனைக் கையில் வைத்து ஊதி ஊதித் தின்றார். மரியநேசன் ஏதோ பகிடி சொல்ல, வயிறு நோகச் சிரித்தார். சிரித்து முடிந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. குற்றவாளியிடம் இப்படித்தான் சிரித்துக் கதைத்து உண்மையைக் கறப்பார்கள்.

ஐந்தாம் நாள் பகல், குளக்கட்டின் அந்தத் தலைப்பில் கமலாசனி வந்தாள். கொண்டை அவிழ்ந்திருந்தது. கையில் கதியால் இருந்தது.

"இஞ்சாருங்கோ! பதினைஞ்சு கட்டாக்காலி மாடு! பதினைஞ்சு! ஒரு கண்டு மிச்சமில்லை!"

வேலிக்கு வெளியே நின்ற மிளகாயை மாடுகள் சாப்பிட்டுவிட்டன. சாப்பிடாததை மிதித்துவிட்டன. மயில்வாகனத்தாருக்கு இடி விழுந்தது போலிருந்தது. ஆனால் மரியநேசனுக்கு முன்னால் வாய்விட்டு அழவும் முடியாதே.

"மெல்லக் கதையப்பா... எந்தக் கண்டு? எங்களுக்கேது கண்டு?" என்று கண்ணைக் காட்டினார்.

கமலாசனிக்கு அந்தக் கண் விளங்கவில்லை. "எந்தக் கண்டோ? என்ர கோழியும் போச்சு, தேனும் போச்சு, கண்டும் போச்சு! நீங்கள் இஞ்ச மீன் சுட்டுத் தின்னுறியள்! இஞ்சயே கிடவுங்கோ! வீட்டுப் பக்கம் கால் வைச்சால் இந்தக் கதியால்தான் கதைக்கும்!"

கதியாலை நிலத்தில் ஓங்கி அடித்துவிட்டுப் போய்விட்டாள்.

மார்கிறட் ஒரு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி, மூன்று கரண்டி சீனி போட்டு, அவர் கையில் வைத்தாள்.

"குடியுங்கோ அண்ணை. எல்லாம் சரிவரும்."

இந்தக் கனிவு அவரைக் கொன்றது. சேவையருக்கு இனி எல்லாம் தெரியும். கன்று என்ற சொல்லையே பெண்சாதி ஊருக்குக் கேட்கக் கத்திவிட்டாள். ஆனாலும் இந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமலே எழுதப்போகிறார். அன்றிரவும் அடுத்த இரவும் சாக்குக் கூடாரத்துக்குள் பெர்மிற்றை நினைத்து நினைத்துப் புரண்டார்.

ஏழாம் நாள் காலை மரியநேசன் கூடாரத்தை அவிழ்த்து மடித்தார். "நாளைக்கு வேலைக்குப் போகவேணும் அண்ணை. லீவு முடிஞ்சுது. பத்து மணி பஸ்ஸைப் பிடிச்சால்தான் சரி" என்றார். அவர் முகத்தில் ஏதோ குற்ற உணர்வு இருந்தது. அதைப் பார்த்ததும் மயில்வாகனத்தாருக்கு அடக்கி வைத்ததெல்லாம் உடைந்தது.

"ஐயா, எழுதிப்போடாதேங்கோ!" என்று அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அரை ஏக்கர்தான் ஐயா. ஆசையில செய்துபோட்டன். நீங்கள் வந்த அண்டே வேலியைப் பின்னுக்கு எடுத்திட்டன். முகம் கிழிய முள்ளுக்கம்பி இழுத்தனான். மிளகாயை மாடு திண்டிட்டுது. பெர்மிற்றில மட்டும் கை வைச்சிடாதேங்கோ!"

மரியநேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "என்ன பெர்மிற்?"

"நீங்கள் சேவையரெல்லோ?"

"நான் கப்பல் கொம்பனியில கிளாக்கர் அண்ணை."

"அப்ப... மூண்டு கால்?"

"கமரா. கொக்கு, நாரை படம் எடுக்கிறனான்."

"கொப்பியில இலக்கம்?"

"நாரை பதினாலு, நீர்க்காகம் ஒன்பது. எண்ணி எழுதுறது எனக்கொரு பைத்தியம்."

மயில்வாகனத்தார் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். கோழி, தயிர், தேன், அறுபது கதியால், அரை ஏக்கர் மிளகாய், எல்லாம் கொக்குக்கும் நாரைக்கும் போய்விட்டன. துக்கம் மாறிக் கோபம் வந்தது.

"கொக்குப் பாக்க ஒரு நாள் போதாதோ?" என்று கத்தினார். "இந்த நுளம்புக்கையும் முசுறுக்கையும் ஏழு நாள் ஆருக்காக ஐயா கிடந்தனீங்கள்?"

மரியநேசன் மனைவியைப் பார்த்தார். வீங்கிய கால் இரண்டையும் சப்பாத்துக்குள் நுழைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்த மார்கிறட் நிமிர்ந்தாள்.

"உங்களுக்காகத்தான் அண்ணை. வந்த அண்டு பின்னேரமே நாங்கள் மூட்டை கட்டிட்டம். பெண்சாதி அடிச்சுக் கலைச்ச மனிசனைக் காட்டில தனிய விட்டிட்டு எப்பிடிப் போறது?"