சம்பந்தி வாய் திறக்கவில்லை

"என்னங்க, கண்ணு சொக்குது உங்களுக்கு," என்று குல்யாஷ் கணவனின் இடுப்பில் கிள்ளினாள்.

செய்ல்கான் திடுக்கிட்டு நிமிர்ந்தார். இளைய மகள் ரவ்ஷானின் கல்யாணம் பேச, தராஸிலிருந்து பஸ் பிடித்து ஷிம்கெண்டில் சம்பந்தி வீட்டுக்கு வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவருக்குப் பிறவியிலேயே கீழ்த்தாடை உள்வாங்கியது. தூங்கினால் நாக்கு தொண்டையை அடைத்துக்கொள்ளும். மூச்சு நின்றுபோகும். பிறகு லாரி கிளம்புகிற மாதிரி ஒரு குறட்டையோடு திரும்பி வரும். இரவெல்லாம் இந்தப் பாடு என்பதால் பகலில் உட்கார்ந்த இடத்திலேயே உறங்கிவிடுவார். மூத்தவளுக்குப் பேசப் போனபோது, பெரியவர் ஆசி சொல்லும் நேரம் பார்த்துக் குறட்டை விட்டார். அந்தச் சம்பந்தம் அத்தோடு போயிற்று.

"அப்பா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் தூங்கிடாதீங்க," என்று ரவ்ஷான் காலையில் கெஞ்சியிருந்தாள்.

"என் தட்டு எங்கடி?" என்று செய்ல்கான் இப்போது மனைவியிடம் கிசுகிசுத்தார். பல்லில் மாட்டினால் கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் தட்டு. இந்த ஊர் பல் டாக்டர்தான் போன வாரம் செய்து கொடுத்தார்.

"நீல டப்பாதானே? கை கழுவுற இடத்துல வச்சீங்களோ என்னவோ."

அங்கே அலமாரியில் நீல டப்பா இருந்தது. மாட்டினார். உயிர் போகிற வலி. பழக ஒரு மாதமாகும் என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வர, பொறுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

வேகவைத்த ஆட்டுத்தலையை அவர் முன்னால் வைத்தார்கள்.

"சம்மந்தி, நீங்க வாயில வச்சாத்தான் நாங்க கை வைக்கலாம்," என்றார் மாப்பிள்ளையின் அப்பா ஒமிர்ஸாக்.

செய்ல்கான் வழக்கப்படி ஆட்டின் காதை அறுத்துச் சின்னவர்களுக்குக் கொடுத்தார். கன்னத்துக் கறியைத் தான் தின்ன வேண்டும். வாய் திறந்தால்தானே?

"உப்பு கம்மியா?"

இல்லை என்று தலையாட்டினார்.

"ஆடு முத்தலா?"

அதற்கும் தலையாட்டினார்.

"ஒரு வார்த்தை பேசுங்களேன், மானம் போகுது," என்று குல்யாஷ் பல்லைக் கடித்தாள்.

"ழொம்ப ழல்லா ழுக்கு."

பந்தியில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"பொண்ணுக்கு நாங்க தர்ற சீர் பத்தலையோ? இன்னொரு குதிரை சேர்த்துக்கலாம்," என்றார் ஒமிர்ஸாக்.

ஐயோ, வேண்டாம் என்று தலையாட்டினார்.

"சரி, ரெண்டு?"

பதறிப்போய் இன்னும் வேகமாக ஆட்டினார்.

"பேராசை பிடிச்ச மனுஷன்," என்று யாரோ ஒரு அத்தை காதில் விழும்படியே சொன்னாள்.

ஒமிர்ஸாக் எழுந்து வெளியே போனார், வந்தார், மூத்த மருமகள் ஜனாரின் காதில் ஏதோ சொன்னார், மறுபடி போனார். ஒவ்வொரு தடவையும் முகம் இன்னும் கடுகடுவென்றிருந்தது. நம்மைத் திருப்பி அனுப்பத்தான் யோசனை என்று செய்ல்கானுக்குத் தோன்றியது. ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு மகள் காத்திருப்பாள். கண் கலங்கிவிட்டது.

கடைசியில் ஒமிர்ஸாக் வந்து திண்டில் சாய்ந்தார். பந்தியில் மூத்த பெரியவர் ஒருவர் ஆசி சொல்லக் கைகளை விரித்தார். எல்லோரும் விரித்தார்கள். வீடே அமைதியாயிற்று.

லாரி கிளம்பியது.

குல்யாஷ் பழக்க தோஷத்தில் கணவனைக் கிள்ளினாள். அவரோ விழித்துக்கொண்டுதான் இருந்தார். எதிரே ஒமிர்ஸாக்கின் தலை பின்னால் சாய்ந்திருந்தது. மூச்சு நின்றது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, லாரி மறுபடி கிளம்பியது.

செய்ல்கான் வலியை மறந்து வாயைப் பிளந்தார். பக்கத்தில் குனிந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஜனார், அந்த வாய்க்குள் பார்த்துக் கத்தினாள்:

"அத்தே, மாமா தேடுன தட்டு கிடைச்சிருச்சு! சம்மந்தி பல்லுல இருக்கு!"