பந்தயத்தால் பெருகிய தவளைகள்

ஒரு நிலத்தின் மேல் நாற்பது கார்கள் இரண்டு நாள் ஏறி இறங்கினால் அந்த நிலத்துக்கு என்ன ஆகும்? சாதாரண ஆட்கள் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். அரசாங்கம் அப்படி அவசரப்படாது. அதற்கென்று சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அலுவலகம் இருக்கிறது. அங்கே ஒரு மதிப்பீட்டு அலுவலர் இருக்கிறார். அவரிடம் இரண்டு படிவங்கள் இருக்கின்றன. ஒன்று ‘பந்தயத்துக்கு முன்’, மற்றது ‘பந்தயத்துக்குப் பின்’. பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் சுற்றுச்சூழலுக்கு நேர்ந்தது என்ன என்று தெரிந்துவிடும். இதில் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. எனக்கும் வரவில்லை, ஆரம்பத்தில்.

நான் வாட்டர் சர்வீஸ் கடைக்காரன். மேட்டிலிருந்து வரும் மண் பாதை தார் ரோட்டில் சேரும் இடத்தில் கடை. வண்டி கழுவுகிற தண்ணீர் மேட்டு வாய்க்காலிலிருந்து வருகிறது. எனக்கு மேலே, அதே வாய்க்காலில், அக்காவின் தக்காளித் தோட்டம். கூடப் பிறந்த அக்கா இல்லை. ஆனால் கூடப் பிறந்தவளுக்கு இருக்கும் உரிமையோடு தினமும் என்னைத் திட்டுவாள்.

மேட்டில் கரடுமுரடுப் பாதைக் கார்ப் பந்தயம் நடக்கப்போவதாக நோட்டீஸ் வந்தது. பசுமைப் பந்தயமாம். நோட்டீஸில் இருந்த காரின் கதவில் பச்சை இலை ஒட்டியிருந்தார்கள். ‘உள்ளூர் மக்களுக்கு எண்ணிலடங்கா நன்மைகள்’ என்றும் போட்டிருந்தது. எண்ணில் அடங்காது என்று சொல்லிவிட்டதால் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பந்தயத்தன்று ஊரே போய் வேடிக்கை பார்த்தது. நானும் போய் விசில் அடித்தேன்.

வாய்க்காலில் ஆழம் குறைந்த இடம் ஒன்றே ஒன்றுதான். நாற்பது கார்களும் அங்கேதான் இறங்கி ஏறின. இரண்டாம் நாள் மத்தியானம் கரை இடிந்து வாய்க்கால் மண்ணால் மூடிப்போனது. அக்காவின் தக்காளி அப்போதுதான் பிஞ்சு விட்டிருந்தது. அந்த வெயிலில், தண்ணீர் இல்லாமல், மிஞ்சிப்போனால் ஒரு வாரம் தாங்கும்.

மறுநாள் காலை அலுவலர் வந்தார். கையில் ‘பந்தயத்துக்கு முன்’ படிவம்.

“சார், பந்தயம் நேத்தே முடிஞ்சிருச்சே” என்றாள் அக்கா.

“தெரியும்மா. நானும் முன் வரிசையில உக்காந்து பாத்தேன்.”

“அப்புறம் முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு இப்ப வந்து எழுதறீங்க?”

“ஃபைல் இன்னைக்குத்தான் என் மேஜைக்கு வந்துச்சு. பின் படிவத்துக்கு முன்னால இந்தப் படிவத்தைப் போடணும்னுதான் விதி. பந்தயத்துக்கு முன்னால போடணும்னு எந்த விதியிலயும் இல்ல.”

மனிதர் நேர்மையானவர். கண்ணால் கண்டதைத் தவிர ஒரு வார்த்தை எழுதவில்லை. புல்: இல்லை. நீரோட்டம்: இல்லை. தவளை: இல்லை. ‘இது பந்தயத்துக்கு முந்தைய நிலை எனச் சான்றளிக்கிறேன்’ என்ற வரிக்குக் கீழே அழகாகக் கையெழுத்துப் போட்டார்.

“வாய்க்காலை யாரு சார் சரி பண்ணுவாங்க?”

“மூணு வாரம் கழிச்சுப் பின் படிவத்தோட வர்றேன். அதுவரைக்கும் எதையும் தொடாம அப்படியே வைங்க. பாதிப்பு இருந்தா நிவாரணம் உண்டு.”

“மூணு வாரம் தக்காளி நிக்குமா?”

“தக்காளி வேளாண்மைத் துறைம்மா. நான் சுற்றுச்சூழல்.”

அவர் ஜீப் கண் மறைந்ததும் அக்கா மண்வெட்டியை எடுத்தாள். அவளும் அவள் புருஷனும் நானும் நாலு நாள் வெட்டினோம். என் உள்ளங்கை இரண்டும் கொப்புளம். நாலாம் நாள் சாயங்காலம் தண்ணீர் தோட்டத்துக்குள் நுழைந்தபோது அக்கா வரப்பிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். அடுத்த வாரம் நல்ல மழையும் பெய்தது.

இதற்கிடையில் நகரத்துக்காரர்களுக்குப் பந்தயப் பைத்தியம் பிடித்தது. பல் டாக்டர் ஒருவர் பளபளவென்று காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர வேறெங்கும் போகாத கார்.

“கழுவணுமா சார்?”

“சேச்சே, சேறு அடிச்சு விடுங்க. கதவு வரைக்கும். மேட்டுல ஓட்டின மாதிரி இருக்கணும்.”

அடித்து விட்டேன். அதற்கப்புறம் கழுவ வருகிறவர்களைவிடச் சேறடிக்க வருகிறவர்களே அதிகமானார்கள். பந்தயம் நடந்த இடத்துச் சேறுதானா என்று விரலால் தொட்டுப் பார்த்தவர்களும் உண்டு. இந்தக் கூத்தைப் பார்த்து மனசுக்குள் காறித் துப்பினேன். ஆனால் ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை.

மூன்று வாரம் கழித்து அலுவலர் வந்தார். அவர் ஜீப்பிலும் முந்தின நாள் நான் அடித்த சேறுதான். இரண்டாவது படிவத்தை எடுத்தார். புல்: கணுக்கால் உயரம். நீரோட்டம்: மிக நன்று. கரையில் குந்திக்கொண்டு தவளைகளைத் தானே எண்ணினார். பதினொன்று. பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தார். பதினொன்றிலிருந்து பூஜ்யம் போக, பதினொன்று.

‘பந்தயத்தின் விளைவாக, அறவே இல்லாதிருந்த தவளையினம் பெருகியுள்ளது. வறண்டு கிடந்த வாய்க்கால் புத்துயிர் பெற்றுள்ளது’ என்று எழுதினார்.

அக்கா பதறிவிட்டாள். “சார், இது நாங்க வெட்டின வாய்க்கால். எங்க கையைப் பாருங்க.”

“எப்ப வெட்டினீங்க?”

“பந்தயம் முடிஞ்ச மறுநாள்லேருந்து.”

“பந்தயம் நடக்கலேன்னா வெட்டியிருப்பீங்களா?”

“எதுக்கு வெட்டப்போறோம்? நல்லாத்தானே ஓடிக்கிட்டிருந்துச்சு.”

“பாத்தீங்களா? பந்தயம் நடந்ததாலதான் வெட்டினீங்க. அப்ப இது பந்தயத்தோட பலன்தானே?”

அக்கா நீட்டிய கையை இழுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விட்டாள்.

அறிக்கை தலைமை அலுவலகத்துக்குப் போய்ப் பாராட்டுப் பெற்றது. தவளை குறைவாக உள்ள எல்லாப் பகுதிகளிலும் போர்க்கால அடிப்படையில் பந்தயம் நடத்த வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. பறவைகள் தங்கும் ஏரி ஒன்றுக்குக் கார் போதாது, லாரி விட்டுப் பார்க்கலாம் என்று ஒரு நிபுணர் பரிந்துரைத்தார். முன்மாதிரிப் பகுதி என்பதால் எங்கள் மேட்டுக்கு முன்னுரிமை. ஒரே மாதத்தில் அடுத்த பந்தயம் நடந்தது. வாய்க்கால் அதே இடத்தில் இடிந்தது. தக்காளி பழுக்கத் தொடங்கியிருந்த நேரம்.

அக்கா மனு எழுதிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். கூரைக்குக் கீழே இருந்த எல்லாத் தலையிலும் பந்தயத் தொப்பி. சுவரில் ஒரு படம்: பாயும் கார், அதன் மேல் சிரிக்கும் தவளை.

“பந்தயத்தை நிறுத்தச் சொல்றீங்க. நிறுத்தினா வாய்க்கால் வத்திடுமேம்மா” என்றார் அலுவலர் அக்கறையோடு.

“வாய்க்காலை மூடினதே பந்தயம்தான் சார்.”

“அது முன் நிலை. எப்பவும் முதல்ல அப்படித்தான் இருக்கும். அப்புறம் தானா செழிக்கும்.”

“நாங்க வெட்டலேன்னா எப்படிச் செழிக்கும்?”

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். இப்படி ஒரு ஆபத்து இருப்பது அவருக்குத் தோன்றவே இல்லை. இந்தப் பொம்பளை வெட்டாமல் விட்டால் அறிக்கை என்னாவது? உள்ளே போய்ப் பெரியவர்களிடம் பேசிவிட்டு, கழுத்தில் மாட்டும் அட்டை ஒன்றோடு வந்தார். ‘வாய்க்கால் புத்துயிர்ப்புப் பணியாளர்’ என்று போட்டிருந்தது.

“உள்ளூர் வேலைவாய்ப்புன்னு ஒரு கட்டம் காலியாவே இருந்துச்சும்மா. இனிமே ‘ஒருவர்’னு போட்டுடலாம்.”

“சம்பளம்?”

“அதுக்குப் படிவத்துல கட்டம் இல்லியே.”

“எனக்கு வேணாம் சார்.”

“உங்க இஷ்டம். ஆனா அட்டை இல்லாம அந்த வாய்க்கால்ல மண்வெட்டி வைக்க முடியாது. அது இப்ப பாதுகாக்கப்பட்ட தவளை வாழிடம்.”

தக்காளிக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. அக்கா அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

சேதி எங்களுக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் ஒருத்திக்கு மட்டும் அரசாங்க வேலையாம். ஊர் கொதித்துப் போனது. “அவளுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?”, “நாங்க மட்டும் மண்வெட்டி பிடிக்க மாட்டமா?” என்று அலுவலக வாசலில் கூட்டம் கூடியது. அலுவலர் பொறுமையாக விளக்கினார். ஒரு இடத்தில் வாய்க்கால் இடிந்தால் ஒரு வேலைதான் கொடுக்க முடியும். இன்னும் ஐந்து இடங்களில் இடிந்தால் இன்னும் ஐந்து பேருக்குக் கொடுக்கலாம். உடனே மனு தயாரானது: அடுத்த பந்தயத்தில் கார்கள் வாய்க்காலை மேலும் ஐந்து இடங்களில் கடக்க ஆவன செய்யுமாறு ஊர்ப் பொதுமக்கள் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம். முந்நூறு கையெழுத்து. ஏழாவது என்னுடையது.

மனு உடனே ஏற்கப்பட்டது. புதிதாக இடியப்போகும் ஐந்து இடங்களில் ஒன்று என் கடைக்கு எதிரே என்பதால் அந்த வேலைக்கு எனக்கு நேர்முகத் தேர்வு வைத்தார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் ஃபைலைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

“முதல் பந்தயம் முடிஞ்சதும் அனுமதி இல்லாம சிலர் வாய்க்காலை வெட்டினதா அந்தம்மா மனுவுல எழுதியிருக்காங்க. அதுல நீங்களும் இருந்தீங்களா?”

“இல்ல சார்” என்றேன். “அது பந்தயத்தால தானா ஓடினது. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்.”

மூவரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். திங்கட்கிழமை என் அட்டை வருகிறது.